பெரிய ஸ்கிரீன் இருக்கா?

போன சனிக்கிழமை கரியாஹாட் கடைவீதியில் ஒரு லேப்டாப் வாங்கப் போனோம். எனக்கில்லை. நான் இன்னும் இந்தப் பத்தியைப் பேனாவில்தான் எழுதுகிறேன். பிறகு என்னை எதற்குக் கூப்பிட்டார்கள்? பெங்காலியில் நன்றாகப் பேரம் பேசுவேன் என்று ஒரு தவறான நம்பிக்கை... நானும் அதைக் கலைக்கவில்லை.

வாங்கியது நண்பர் சேதுராமன். திருநெல்வேலிக்காரர், கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ். மகள் சாருவுக்காக வாங்குகிறார். எம்.ஏ. ஹிஸ்டரி, முதல் வருஷம். அந்தப் பெண்ணுக்குக் கண்பார்வை குறைந்துகொண்டே வருகிறது. விழித்திரையில் கோளாறு, சரிசெய்ய வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சேதுராமனிடம் கேட்டால், "கண்ணு கொஞ்சம் வீக்" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார். படித்தது போதும், நிறுத்திவிடலாம் என்பது அவர் மனைவியின் கட்சி. சாருவுக்கோ எப்படியாவது முடித்துவிட வேண்டும்.

கடையில் சேதுராமன் கேட்டது ஒரே கேள்விதான். இதைவிடப் பெரிய ஸ்கிரீன் இருக்கா? கடைக்காரரும் சளைக்காமல் ஒன்றைவிடப் பெரிதாக ஒன்று எடுத்து வைத்தார். கடைசியாக வந்தது ஏறக்குறைய ஒரு டிவி. விலையும் அப்படி. அதைத் தூக்கிக்கொண்டு மினிபஸ்ஸில் ஏற முடியுமா? யாரும் யோசிக்கவில்லை.

சாரு அந்தப் பக்கமே வரவில்லை. ஓரத்தில் இருந்த, இருப்பதிலேயே விலை குறைந்த, சின்ன லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து, அதிலுள்ளதைப் போட்டுப் பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் பெங்காலியில் கேட்டாள். ஸ்கிரீனில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரே வாசித்துச் சொல்லும் சாஃப்ட்வேராம். காலேஜில் யாரோ கொடுத்தது.

கம்ப்யூட்டர் வாய் திறந்து ஆங்கிலம் வாசிக்க ஆரம்பித்தது. தெருவில் ஹாரன் சத்தம். சாரு இயர்போனை மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகத்தில் ஒரு திருப்தி.

சேதுராமன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது எதுக்கும்மா? பெருசா வாங்கினா எழுத்து நல்லாத் தெரியும்லா?"

"இப்போ தெரியும்ப்பா. ஃபைனல் இயர்ல தெரியாது. அப்பவும் நான் படிக்கணும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அழவில்லை. அந்த வீட்டில் இதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது அவள்தான் என்று நினைக்கிறேன். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்னவோ புரிந்து, பெரிய லேப்டாப்பை ஓசைப்படாமல் மூடி உள்ளே எடுத்துப் போனார்.

சேதுராமன் மகள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கையை நீட்டி இயர்போனைக் கேட்டார். காதில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார்.

"இது தமிழ் படிக்குமா?"

"இதுல இல்லப்பா."

"சரி. தமிழை நான் படிச்சுச் சொல்லுதேன்."

சின்னதையே பில் போடச் சொன்னார். என் பேரத்துக்கு வேலையே இல்லை. திரும்பும் வழியில், நம்மவர்கள் நிறைந்த லேக் மார்க்கெட்டில் இறங்கிக் காப்பி குடித்தோம். அங்கேயே ஒரு தமிழ் வாரப் பத்திரிகையும் வாங்கிக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு நாம் வாங்கித் தரும் பல பொருட்கள் யாருக்காக? அவர்கள் தேவைக்கா, நம் பயத்துக்கா? பெரிய ஸ்கிரீன் சாருவுக்கு வேண்டியிருக்கவில்லை. சேதுராமனுக்குத்தான் வேண்டியிருந்தது. லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் விசாரிப்பதற்கு முன்னால், அதில் படிக்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். எடுத்தவர் சேதுராமனின் மனைவி. அப்பா வாசிக்கிறார், மகள் கேட்கிறாள் என்றார். படிப்பை நிறுத்துகிற பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னணியில் சாருவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது —

"அப்பா, இன்னும் கொஞ்சம் ஸ்பீடா!"