நல்லா பழகிருச்சு

வட்டகொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருசம் கொழுந்தெடுத்த இசபெல், மழை ஊறிய படியில் கொழுந்துச் சாக்கோடு சறுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்தும் வலி விடவில்லை. மாதாமாதம் கிளினிக்கில் கொடுத்த வலிக் குளிசைதான் அவளை மறுபடி மலையேற்றியது. ஏறித்தான் ஆகவேண்டும். புருசன் றோலண்ட் செத்து நாலு வருசம். தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் அந்த வீட்டுக்கென்று மிஞ்சியது அவள் பேர் ஒன்றுதான். பேர் போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் கைவிட்டுப் போகும்.

அந்த மாதம் கிளினிக்கில் புதிதாக ஒரு படிவம். குளிசையை யாராவது தப்பாகப் பாவிக்கிறார்களா என்று கண்டுபிடிக்க எல்லாரிடமும் கேள்வி கேட்டார்கள். சிங்கள நர்ஸ் மிஸ் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"அம்மா, இந்தக் குளிசை பழக்கமா?"

"நல்லா பழகிருச்சுங்க மிஸ்," என்றாள் இசபெல் சந்தோசமாக. "மொதல்ல வாந்தியா வந்துச்சு. இப்ப ஒண்ணும் பண்றதில்ல."

"வீட்டுல குடிக்கிற ஆள்?"

"எங்க வீட்டுக்காரரு. குடிச்சுத்தான் போய்ச் சேந்தாரு."

மிஸ் இரண்டு இடத்தில் சரி போட்டாள். ஒரு மாதக் குளிசைக்குப் பதில் ஒரு வாரத்துக்குத்தான் கிடைத்தது.

கிளினிக் கொப்பியில் சிங்களத்தில் எழுதியிருந்ததைப் பக்கத்துக் காம்பரா சர்மிளா வாசித்தாள். தலவாக்கலைப் புடவைக்கடையில் வேலை பார்த்துச் சிங்களம் பழகிய பெண். "அத்த, நீங்க குளிசைக்கு அடிமையோன்னு சந்தேகமாம். பழக்கமாயிருச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களாம்."

இசபெல்லுக்கு முகம் செத்துப்போனது. சர்ச் சாமியாரிடம், கங்காணியிடம், மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "அவருக்குக் கொஞ்சம் பழக்கம் இருக்குங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை குனிந்தவள் அவள். றோலண்ட் ஒளித்து வைத்த போத்தல்களைத் தேடித் தேடிக் சாக்கடைக் கானில் கவிழ்த்ததும் அவள்தான்.

அடுத்த வாரம் சர்மிளாவும் கூடப் போனாள். அவள் விளக்கிச் சொன்னதும் டாக்டர் நோனா சிரித்துவிட்டார்; எழுதியதை அடித்தார். பிறகு ஒன்று கேட்டார்; சர்மிளா அதைத் தமிழில் சொன்னாள்.

"குளிசை இல்லாட்டி உங்களுக்கு எப்படி இருக்கும்னு கேக்குறாங்க அத்த."

"இல்லாமலும் இருப்பேன்னு சொல்லு."

"அத்த! உள்ளதச் சொல்லுங்க. நீங்க அனத்துறது எங்க காம்பரா வரைக்கும் கேக்குது."

"எனக்கு அது தேவையில்ல. சொல்லு புள்ள."

சர்மிளா தானாகவும் எதையோ சேர்த்துச் சொன்னாள். டாக்டர் இசபெல்லையே பார்த்து, தெரிந்த தமிழில் கேட்டார். "வலி இருக்கா அம்மா?"

"கொஞ்சந்தாங்க. தாங்கிக்குவேன்."

அப்படியானால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். அவருக்கு அது நல்ல செய்தி.

பஸ்ஸில் சர்மிளா சண்டை பிடித்தாள். "கையில கெடச்சத ஏன் அத்த தட்டி விட்டீங்க?"

"குடிகாரன் பொண்டாட்டின்னு பேர் வாங்குனது போதும் புள்ள. நானும் அந்த வரிசையில நிக்கணுமா?"

மூன்றாம் வாரம், காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டில் கங்காணி ஆண்டியப்பன் அவளை மேமலைக்குப் பிரித்துவிட்டார். பத்து மணிக்கு முன்பே இசபெல் தேயிலைக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. ஆண்டியப்பன் இறங்கி வந்தார்.

"என்னம்மா, குளிசை போடலியா?"

"விட்டுட்டேங்க."

"அதுவும் நல்லதுதான்," என்றவர் அவள் நிரம்பாத சாக்கைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். "நாளைக்குப் பெரட்டுக்கு வர வேணாம். தொரைகிட்ட நான் பேசுறேன்."

என்ன பேசுவார் என்று அவளுக்குத் தெரியும். செக்ரோலில் இருக்கும் அவள் பேரைப் பற்றித்தான்.

"சரிங்க," என்றாள். அவர் தூக்கிவிடக் கை நீட்டியபோது, "கொஞ்சம் இருந்துட்டு வாறேங்க" என்று சொல்லி அங்கேயே இருந்தாள்.