அழைப்பு வந்த பிள்ளை

மூன்று காலேஜ்களின் விவரப் புத்தகங்கள் எங்கள் வீட்டு மேசைமேல் கிடந்த அந்த மாதங்களில், எது நல்ல காலேஜ் என்று அபிப்பிராயம் சொல்லாத ஜீவன்கள் எங்கள் தோட்டத்தில் இரண்டுதான். ஒன்று நான். இன்னொன்று, பக்கத்து வீட்டார் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டிருந்த கிடா. எங்கள் இருவரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் அது. கோலா சாவாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம். சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி அடித்து, கேட்டில் துப்பாக்கியோடு காவல் போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று கேட்டைத் தாண்டி ஒரு கவளம் சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். சிரம்பான் கான்வென்ட் பள்ளிக்கு நான் எடுத்துப்போன ரொட்டியைக்கூடப் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை வரைக்கும் பிய்த்த ரொட்டி தின்று படித்தவள் நான். நல்ல மார்க்கும் வாங்கினேன்.

எனக்கு ரசாயனம் படிக்க வேண்டும். இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், சின்ன வயதில் ரப்பர் பாலை உறையவைக்கும் ஸ்டோரில் போய் நின்று வேடிக்கை பார்ப்பேன். வாளி வாளியாகப் பாலைத் தொட்டியில் ஊற்றி, அதில் கொஞ்சம் ஆசிட் விடுவார்கள். சற்று நேரத்தில் தொட்டி முழுக்கக் கட்டியாகிவிடும். ஏன் உறைகிறது என்று ஸ்டோர்க்காரரைக் கேட்டேன். "ஆசிட் ஊத்துனா ஒறையும். இது என்னா கேள்வி?" என்றார். கான்வென்டில் அறிவியல் சொல்லிக்கொடுத்த மதரும் அதற்கு முழுதாகப் பதில் சொல்லவில்லை, காலேஜில் படிப்பாய் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் காத்திருந்தேன்.

அப்பா தோட்டத்து ஆபீஸில் கிராணி. தொழிலாளர்களுக்கு எழுத்து, கணக்கு, வெளியுலகம் எல்லாமே அவர்தான். சிங்கப்பூரில் சர்வகலாசாலை இருக்கிறதே என்று நான் ஒருமுறை வாயைத் திறந்தேன். "மதர்மாருங்க இல்லாத எடத்துல பொம்பளப் புள்ளைக்கு என்னா படிப்பு?" என்று அதை அங்கேயே மூடினார். கத்தோலிக்கக் காலேஜ்தான், அதுவும் ஊரில், இந்தியாவில்தான் என்று முடிவு செய்து மூன்று இடங்களுக்கு எழுதிப் போட்டார். ஒன்று மதராஸில், ஒன்று திருச்சிப் பக்கம், ஒன்று இன்னும் தெற்கே. புத்தகங்கள் கப்பலில் வந்து சேர்ந்தன.

அவற்றில் மதராஸ் புத்தகத்தில் மட்டும்தான் ஆய்வுக்கூடத்தின் படம் இருந்தது. தாவணி போட்ட பெண்கள் வரிசையாக நின்று கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை நான் எத்தனை தரம் புரட்டினேனோ, புத்தகத்தை மேசையில் வைத்தால் அதுவாகவே அங்கே திறந்துகொள்ளும். மற்ற இரண்டிலும் சரித்திரம், தமிழ், மனையியல். எனக்குத் தேர்வு அத்தோடு முடிந்துபோயிற்று.

பெரியவர்களுக்கு முடியவில்லை. மாலையானால் வெளியே போக முடியாத ஊரில் வேறு என்ன பொழுதுபோக்கு? தினம் எங்கள் வீட்டில் காலேஜ் சபை கூடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் சொல்லிவைக்கும் உபதேசியார்தான் முக்கிய நீதிபதி. அவர் புத்தகங்களைப் படிக்கமாட்டார், படங்களைத்தான் பார்ப்பார். "இந்தக் காலேஜுல மதிலு ஒசரமா இருக்கு கிராணியாரே. இதுதான் தோது" என்பார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அங்க இருக்கிற மதர்மாருங்க எந்த ஆளுங்கன்னு விசாரிச்சீங்களா?" என்பார். வேதத்துக்கு வந்ததும் சாதி போய்விட்டது என்று பூசையில் சொல்வார்கள். எங்கள் தோட்டத்துக்கு அது கப்பலேறி, ஒரு கீறல்கூட இல்லாமல், பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

அம்மா திருச்சிக் கட்சி. அங்கே பெரியம்மா இருக்கிறாள், வாரம் ஒருமுறை போய் என் தலையைப் பார்த்து எண்ணெய் வைத்துவிடுவாள் என்பது அம்மாவின் வாதம். என் தம்பி எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தான். அவனுக்கு எந்தக் காலேஜாக இருந்தாலும் சம்மதம். "நீ போயிட்டா ஒன் படிக்கிற மேச எனக்குத்தான்லா?" என்று மட்டும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். அந்தச் சபையில் நேர்மையாகப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

மதராஸிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இடம் தருகிறோம் என்று பதில் வந்தது. பங்குச் சாமியாரின் நற்சான்று மட்டும் வேண்டும் என்றிருந்தது. அட்மிஷன் என்றால் தோட்டத்தில் யாருக்கும் விளங்காது என்று அப்பா அதற்குத் தமிழில் ஒரு பேர் வைத்தார். அழைப்பு. "எம் மகளுக்கு ரெண்டு எடத்துலேருந்து அழைப்பு வந்துருச்சு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். "கல்யாண அழைப்பா கிராணியாரே?" என்று ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கேலி பண்ணினார். எனக்கு வேறு பேரே இல்லாமல், அழைப்பு வந்த பிள்ளை என்றே ஆகிப்போனேன். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

சாமியார் மாதம் ஒருமுறை வருவார். வெள்ளைக்காரர், வயதானவர். தமிழை இந்தியாவில் புத்தகத்தை வைத்துக் கற்றவர். தோட்டச் சாலையில் அப்போது யாரும் தனியாக வரமுடியாது, அதனால் இரும்புத் தகடு அடித்த போலீஸ் வேனில் ஏற்றி வருவார்கள். பால்குடிப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற ஆயாக் கொட்டாயில்தான் பூசை. தூளிகளை ஓரமாகச் சுருட்டிக் கட்டிவிட்டு முழந்தாள் போடுவோம். கர்பியூவுக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்று டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருப்பான். பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம், பூசை எல்லாமே எங்களுக்கு ஓட்டமும் நடையுமாகத்தான் கிடைக்கும்.

அந்த மாதம் பூசை முடிந்து அவர் வேனில் கால் வைக்கும்போதுதான் அப்பாவால் அவரைப் பிடிக்க முடிந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார்.

"தோத்திரம் சாமி. நம்ம புள்ள. ஊருக்கு மதர்மாருங்ககிட்ட அனுப்புறேன். சாமிதான் நற்சான்று எழுதிக் குடுக்கணும்."

சாமியார் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பிள்ளைக்கு அழைத்தல் உண்டோ?" என்று கேட்டார்.

"அழைப்பு இல்லாமயா சாமி? வந்துருச்சு!" என்றார் அப்பா.

"மெய்யாகவோ?"

"ரெண்டு தடவ வந்துருச்சு சாமி!"

டிரைவர் ஹாரனை அடித்தான். சாமியார் என் தலையில் கையை வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார். கண்கலங்கினாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. ஒரு நற்சான்றுக்கு இவர் இவ்வளவு உருகுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் பூசையில் பிரசங்கத்தின்போது அவர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். துப்பாக்கியும் பசியும் நிறைந்த இந்த நாளிலும் ஆண்டவர் இந்தத் தோட்டத்தில் ஒரு கன்னிகையை அழைத்திருக்கிறார், இரண்டு தடவை அழைத்திருக்கிறார், மடத்துத் தாயாருக்கு எழுதிவிட்டேன், கப்பலுக்குத் தயாராகட்டும் என்றார். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்திலிருந்த கிழவி என் கையைப் பிடித்து முத்தமிட்டபோதுதான் விளங்கியது. அவர் கேட்ட அழைத்தல் கன்னியாஸ்திரி ஆவதற்குக் கடவுளிடமிருந்து வருகிற அழைப்பு. அப்பா சொன்னது தபாலில் வந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் அந்த நொடியில்தான் விளங்கியிருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போயிருந்தது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே எல்லோரும் சிரித்து முடிந்திருக்கும். அதற்குள் உபதேசியார் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, "குடுத்துவச்சவரு கிராணியாரே!" என்றார். மண்டோர் வந்து கும்பிட்டார். அப்பாவின் முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அப்பா, சாமிகிட்ட சொல்லுங்க. தப்பா வெளங்கிக்கிட்டாருன்னு சொல்லுங்க."

"பூசையில எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டாரு. இப்பப் போயி இல்லேன்னா நம்ம மானம் என்னாவுறது?"

"நான் படிக்கணும்பா."

"மடத்துல படிக்கவே மாட்டாங்களா? அந்த மதர்மாரெல்லாம் படிக்காமயா இருக்காங்க?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மடத்தில் முடியை வெட்டிவிட்டால் மகளுக்கு எண்ணெய் வைக்கத் தலைமுடியே இல்லாமல் போய்விடுமே என்று அவளுக்குக் கவலை.

என் அப்பா கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் காலமெல்லாம் துரைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து நின்ற மனிதர். முதல்முறையாக எல்லோரும் அவருக்கு வழிவிட்டு நின்றார்கள். துரைகூடக் கேள்விப்பட்டுக் கை கொடுத்தாராம். அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. என் வாழ்க்கையை எடுத்து அதற்கு விலையாக வைத்துவிட்டார். இதை நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும்.

அடுத்த பூசைக்காகக் காத்திருந்து நானே சாமியாரிடம் போனேன். அப்பா பின்னாலேயே ஓடிவந்தார். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "சாமி, மடத்துக்கு வந்தா ரசாயனம் படிக்க விடுவாங்களா?"

"கன்னிகை எதையும் கேட்பதில்லை, மகளே. சமையலறையோ, தோட்டமோ, படிப்போ, தாயார் எதைக் கொடுத்தாலும் அதுவே ஆண்டவர் சித்தம்."

"அப்படின்னா எனக்கு அழைத்தல் இல்ல சாமி. காலேஜுலேருந்து வந்த கடுதாசியத்தான் அப்பா அழைப்புன்னு சொன்னாரு."

சாமியார் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியோ?"

அப்பா மண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். "புள்ள பயந்துபோச்சு சாமி. வீட்ட விட்டுப் போகணும்னு பயம். அதான் இப்படிப் பேசுது."

ஹாரன் அடித்தது. சாமியார் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பயம் பிசாசின் சோதனை. ஒரு வருஷம் ஜெபம் பண்ணு, மகளே. ஆண்டவர் அழைத்தும் மறுக்கிற பிள்ளைக்கு நான் எந்தக் காலேஜுக்கென்று நற்சான்று எழுதுவேன்?" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். வேன் கேட்டைத் தாண்டிப் போனது. அதை யாரும் பிய்த்துப் பார்க்கவில்லை.

நற்சான்று போகாததால் இரண்டு காலேஜிலும் என் இடம் போயிற்று. தோட்டத்தில் நான் வேறு ஆளானேன். கத்தோலிக்கர்கள் என்னை மடத்துக்குப் போகாதவள் என்றார்கள். மற்றவர்களுக்கு அது அவர்கள் வழியில் விளங்கியது. சாமிக்கு நேர்ந்துவிட்டதைத் திரும்ப வாங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு அக்கா என்னிடமே சொன்னாள், ஆறுதல் சொல்கிற மாதிரி. பெண் கேட்டு வருகிறவர்கள் கேட்டில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பினார்கள். முனியாண்டிக் கிடாவை அந்த வருஷத் திருவிழாவில் வெட்டினார்கள். எங்கள் வீட்டுக்கும் கறி வந்தது. நான் சாப்பிடவில்லை.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எனக்கு வாத்தியார் வேலை வாங்கிக்கொடுத்தார் அப்பா. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்.

மறு வருஷம் தம்பி பரீட்சை முடித்தான். அவனுக்கு ஒரே ஒரு காலேஜ் புத்தகம்தான் வந்தது. ஒரே மாலையில் பேச்சு முடிந்தது. மதில் உயரத்தை உபதேசியார் பார்க்கவில்லை. சாமியார் வேனின் முன்பக்கத் தகட்டின்மேல் காகிதத்தை வைத்து, நின்ற நிலையிலேயே நற்சான்று எழுதினார். மைப்புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். அழைத்தல் உண்டோ என்று அவனை அவர் கேட்கவில்லை.

"அக்கா ஆசப்பட்டது, நீயாவது படி" என்று அப்பா அவனை ரசாயனத்தில் சேரச் சொன்னார். சேர்ந்தான். வருஷம் முடிவதற்குள் விட்டுவிட்டு சரித்திரத்துக்கு மாறிக்கொண்டான். ஆய்வுக்கூடத்து வாடை அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது வெளுத்த சட்டையும் புதுச் செருப்புமாக இருந்தான். சாப்பிட உட்கார்ந்தான். அப்பாவும் அம்மாவும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டே கேட்டேன்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். ரசாயனம் கொஞ்ச நாளு படிச்சியே. ரப்பர் பால்ல ஆசிட் ஊத்துனா ஏன்டா ஒறையுது?"

அவன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான்.

"ஆசிட் ஊத்துனா ஒறையும்க்கா. அவ்ளோதான்லா."

அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.