சவ்வரிசிப் பசையும் அக்காவின் படமும்

கொழும்பில் மருந்து கலக்கும் பயிற்சியை முடித்து, எங்கள் தீவுக் கிராமமான கரம்பொனுக்குத் திரும்பிய ஆண்டில் என் முதல் வாடிக்கையாளர் அக்காதான். அவளுடைய படம் ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. முன்பு எடுத்த இரண்டு படங்களிலும் அவள் வாய் முழுக்கச் சிரித்திருந்தாள். இரண்டு வீட்டாரும் பதில் போடவில்லை. போதாததற்கு இப்போது கன்னத்தில் பருக்கள்.

கற்றாழைச் சாறு பருவுக்கு நல்லது. ஆனால் பூசியவுடன் கழுத்துவரை வழிந்தது. அதைத் தடிப்பாக்க எது உதவும் என்று பார்த்து, ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதினேன்.

கடற்பாசி: உறைகிறது. கன்னத்திலிருந்து துண்டாக விழுகிறது.
வெந்தயம்: வழவழப்பு நன்று. அக்கா குழம்பாக மணக்கிறாள்.
வெண்டிக்காய்: நூல் நூலாக இழுபடுகிறது. விரலை எடுத்தாலும் மூக்கு விடுவதாயில்லை.

கூழுக்குப் போடும் ஒடியல் மாவைப் பூசியிருந்தபோது அப்பா குசினிக்குள் எட்டிப் பார்த்தார். "கூழ் காய்ச்சியாச்சுப் போல. நண்டு போடேல்லையோ?"

அக்கா சிரித்ததில் பாதி மா மடியில் விழுந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

கடைசியில் சவ்வரிசி வென்றது. காய்ச்சி வடித்த பசை கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. கிணற்றடியில், வேலி மறைவில், அரை மணிநேரம் வைத்துப் பார்த்தேன். வழியவில்லை. பரீட்சையில் தேறியவர்களுக்குப் போடுவதுபோல 'சித்தி' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

படம் எடுக்கும் நாள் காலை பசையைப் பூசி, மேலே பவுடரும் போட்டு, அவளை யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் யன்னலோரம் இருத்தினேன். கொப்பியில் காற்றுக்கு ஒரு நிரல் போட மறந்திருந்தேன். கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் பஸ் ஏறியதும் இரண்டு பக்கமும் காற்று அடித்தது. இறங்கும்போது அக்காவின் முகம், கஞ்சி போட்டுக் காயவிட்ட அப்பாவின் வேட்டிபோல விறைத்திருந்தது.

"என்ன கோதாரியடி பூசினனீ?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"கதையாதை அக்கா, வெடிச்சிடும்."

கழுவினால் பவுடரும் போய்விடும். அப்படியே ஸ்ரூடியோக் கதிரையில் இருத்தினேன்.

"கொஞ்சம் சிரியுங்கோ தங்கச்சி," என்றார் படம் எடுப்பவர்.

"அவவுக்கு இண்டைக்கு ஏலாது," என்றேன்.

பத்தாம் நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து கடிதம் வந்தது. இவ்வளவு அடக்கமான பெண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

கலியாணத்தன்று ஐயரின் கையிலிருந்து தேங்காய் நழுவி உருண்டோட, அக்கா மேளத்துக்கு மேலாகக் கேட்கும்படி சிரித்தாள். அத்தான் திடுக்கிட்டார். தோழியாக நின்ற என் பக்கம் மெல்லச் சரிந்து, "அப்ப படத்தில இருந்தது ஆர்?" என்று கேட்டார்.

"அதுவும் இவதான் அத்தான். சவ்வரிசி பூசினனாங்கள்."

அன்று பந்தியில் அவர் பாயாசத்தைத் தொடவேயில்லை.