கறிக்கு ஆறு திப்பிலி

நான் இருக்கும் நோர்வே ஊரில் பனி கரையத் தொடங்கியதும் மரங்களில் திப்பிலி தொங்கும். உண்மையான திப்பிலி இல்லை. பியார்க் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் மரத்தின் பூ அது. ஆனால் அதே நீளம், அதே சொரசொரப்பு. வந்த முதல் வருடம் மீன் தொழிற்சாலைக்கு நடந்து போகும் வழியில் அதைக் கண்டதும் ஒன்றைப் பிடுங்கி வாயில் போட்டுக் கடித்துவிட்டேன். வெறும் மரத்தூள். பின்னால் வந்த இங்கர், என்னோடு ஒரே மேசையில் மீன் வெட்டுகிறவள், திகைத்து நின்றாள். எங்கள் ஊரில் இது மருந்து, கறிக்கும் போடுவோம் என்று எனக்குத் தெரிந்த இருபது நோர்வேச் சொற்களில் விளக்கினேன். அவள் விளங்கிக்கொண்டது வேறு. மறுநாள் எனக்கென்று பாணும் சீஸும் கட்டிக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் கையில் திணித்தாள். பசி தாங்காமல் மரத்தைக் கடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது. என்றாலும் பாணைத் தின்றேன்.

திப்பிலியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது மிளகுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. மிளகு வாயில் பட்டதும் சுடும். திப்பிலி முதலில் ஒன்றும் தெரியாததுபோல் லேசாக இனிக்கும், பிறகு தொண்டையில் ஏறும், கடைசியில் நாக்கு விறைக்கும். யாழ்ப்பாணக் கரையோரம் குருநகரில் எங்கள் வீட்டில் இருமல் என்றால் அதை வறுத்துப் பொடித்துத் தேனில் குழைத்துத் தருவார்கள். சளி, தடிமன் என்றால் சுக்கு, மிளகோடு சேர்த்து அவிப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கோ ஒரு மிளகாய்கூட இல்லாமல், மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி, திப்பிலி எல்லாம் அம்மியில் அரைத்து அந்தச் சரக்கில் விளைமீனைப் போட்டுப் பத்தியக்கறி வைப்பார்கள். உடம்பு சூடு பிடிக்கும், வாய்க்கு ருசி திரும்பும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. இங்குள்ள தாதியிடம் கேட்டால் எல்லாவற்றையும் சாப்பிடலாம் என்று சிரிப்பாள். நான் இரண்டு பேரையும் நம்புகிறேன்.

என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குளிர்ந்த பாலும் பாணும் தந்தார்கள். அம்மா மாதக் கணக்கில் முன்னதாகவே பார்சல் அனுப்பியிருந்தார். சரக்கோடு ஒரு துண்டுக் கடிதம்: கறிக்கு ஆறு திப்பிலி. பத்தியம் வைத்துத் தர வேறு பெண்கள் யாரும் இல்லாததால் நாலாம் நாள் நானே எழுந்து நின்று, கோப்பிக்கொட்டை அரைக்கும் மெசினில் சரக்கை அரைத்து, எனக்கு நானே பத்தியம் சமைத்தேன். அழுகை வந்தது. அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன்: என் தங்கை ஜெனிக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அவள் தன் கையால் பத்தியம் சமைக்கக்கூடாது. அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்தத் தமிழ் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் கறி என்னுடையதுதான். பார்சல் நின்ற பிறகு ஒஸ்லோவில் ஒரு கடையில் தூசி படிந்து கிடக்கும் திப்பிலியை வாங்குவேன். எப்போதும் ஆறு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பார்சல் நின்றது அம்மா இறந்ததால். எல்லைகள் மூடிக் கிடந்த அந்த நோய்க்காலத்தில் நான் போக முடியவில்லை. ஜெனி தனியாக எல்லாவற்றையும் செய்தாள். இந்தச் சித்திரையில் அவளுக்கு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தார்கள் என்றதும் இரண்டு கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன். ஒருமுறை வராமல் விட்டவள், இந்த முறையாவது அவளுக்கு அக்காவாக இருக்க வேண்டும். அதுதான் என் வைராக்கியம்.

யாழ்ப்பாணம் பெரியகடையில் ஒரு மருந்துச் சரக்குக் கடைக்குப் போனேன்.

"திப்பிலி இருக்கோ அண்ணை?"

"இருமலுக்கோ தங்கச்சி?"

"இல்லை, பிள்ளை பெத்த வீட்டுக்கு."

அவர் ஒரு பக்கற்றை எடுத்து வைத்தார். "இந்தாங்கோ, எல்லாம் அரைச்சுக் கலந்தது. இப்ப எல்லாரும் இதைத்தான் வேண்டுகினம்."

"எனக்கு முழுசா வேணும்."

"வெளிநாடோ?" என்று சிரித்தார். "அங்கையிருந்து வாற ஆக்கள்தான் இப்பிடிக் கேக்கிறவை."

எனக்குச் சுருக்கென்றது. குருநகரில் பிறந்தவளை, திப்பிலி கேட்டதற்காக வெளிநாட்டுக்காரி ஆக்கிவிட்டார்.

வீட்டில் ஜெனியும் பெரிதாக மகிழவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரி மிஸ்ஸி எல்லாம் சாப்பிடலாம் எண்டுதான் சொன்னவ. உனக்கேன் கரைச்சல்? பக்கற்றுத் தூளே காணும்," என்றாள். "நான் இதுக்குத்தான் வந்தனான்," என்றேன். கட்டிலுக்குக் கீழே கிடந்த அம்மாவின் அம்மியை இழுத்தெடுத்துக் கழுவினேன். திப்பிலி ஆறை எண்ணி, வறுத்து, பட்டுப்போல அரைத்தேன். வாசம் வீடெல்லாம் நிறைந்தது. எத்தனையோ வீட்டுக்குப் பத்தியம் வைத்தவள் ருசி பார்க்கத் தேவையில்லை என்ற மிதப்பில் ஒரு துளிகூட நாக்கில் விட்டுப் பார்க்கவில்லை.

ஜெனி முதல் பிடி சோற்றை விழுங்கினாள். முகம் சிவந்தது. கண் கலங்கியது. பிறகு இருமத் தொடங்கினாள், வயிற்றுத் தையலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு. நான் தண்ணீரோடு ஓடினேன். இருமல் அடங்கியதும் அவள் கேட்டாள்:

"எத்தினை போட்டனி?"

"ஆறு. அம்மா எழுதின கணக்கு."

"எங்கடை வீட்டிலை எப்பவும் மூண்டுதான் அக்கா."

"என்னட்டைக் கடிதம் இருக்கு."

"அம்மா அதை எழுதேக்கை பக்கத்திலை இருந்தது நான். பார்சல் போய்ச் சேர மாசக்கணக்காகும், உறைப்புச் செத்துப்போம், அவளுக்கு இரண்டு மடங்கு எழுதுவம் எண்டவ. நல்லது எல்லாத்தையும் பொறுக்கி உனக்குக் கட்டினவ. உடைஞ்சதுதான் எங்களுக்கு."

இத்தனை வருடமாக எங்கள் வீட்டு அளவு என்று நான் பெருமையோடு காப்பாற்றி வந்தது, எனக்கும் அம்மாவுக்கும் இடையிலிருந்த தூரத்தின் அளவு. ஊரில் புதிதாய் வாங்கிய திப்பிலியிலும் அந்தத் தூரத்தை அரைத்துப் போட்டிருக்கிறேன்.

ஜெனி இன்னும் முடிக்கவில்லை. "அந்தத் துண்டைக்கூட எறியாமல் வைச்சிருக்கிறாய். அம்மான்ரை சவப்பெட்டியை மூடேக்கை நான் தனிய நிண்டனான்."

"ஓம்," என்றேன். சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்த நான் வாசலில் நின்று, "நாளைக்கு மூண்டு போடுறன். சாப்பிடுவியோ?" என்று கேட்டேன்.

"பாப்பம்."

மறுநாள் விடியக் கரைக்குப் போய், வள்ளத்திலிருந்து இறக்கிய கையோடு விளைமீன் வாங்கினேன். மூன்றே மூன்று திப்பிலி. இந்த முறை ருசி பார்த்தேன், மூன்று தடவை. ஜெனி சாப்பிட்டாள். நெற்றியில் வேர்வை அரும்பியது.

"அம்மான்ரை மாதிரியோ?"

"இல்லை," என்று கோப்பையை நீட்டினாள். "கறியை இன்னும் கொஞ்சம் விடு."

எஞ்சிய நாள் எல்லாம் நான்தான் சமைத்தேன். அவளும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது கால் கிலோ திப்பிலி கொண்டுவந்தேன். அம்மாவின் துண்டோடு ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்திருக்கிறேன். வந்த புதிதில் ரசத்துக்கு மூன்றே போதுமாக இருந்தது. புரட்டாதியில் மூன்று போட்டால் தொண்டையில் ஏறவில்லை. நாலாக்கினேன். இங்கருக்குக் குளிர் அறையில் நின்று நின்று இருமல். ஒரு போத்தலில் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணீர் வழியக் குடித்தாள். அடுத்த கிழமை வெறும் போத்தலோடு வந்து நின்றாள். இருமல் ரசத்தால் போனதோ தானாகப் போனதோ, நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெனி வீடியோவில் வருவாள். பிள்ளை தவழத் தொடங்கிவிட்டாள். இப்போதெல்லாம் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஜெனி கேட்பது ஒரே கேள்வி.

"இண்டைக்கு எத்தினை போட்டனி?"

"அஞ்சு," என்றேன் இன்று.

பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஆறாக முன்னம் வந்திடு அக்கா," என்றாள்.

விடுமுறைக்கான படிவத்தை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே பேணியின் மூடியை இன்னொரு தரம் இறுக்கினேன்.