எழிலரசி பார்த்துக்கொண்ட டவர்

மாரண்டஹள்ளியிலிருந்து பஞ்சப்பள்ளி போகும் வழியில் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. அதன் உச்சியில் நிற்கும் டவர் ஊரைப் பார்ப்பதில்லை. அதன் ஆன்டெனாக்கள் எல்லாம் அண்ணாந்து வானத்தைப் பார்த்திருக்கும். பறக்கிற விமானத்தில் இருப்பவர்களுக்குத் தரையிலிருந்தே இன்டர்நெட் கொடுக்க, ஒரு பெங்களூர் கம்பெனி சோதனைக்காக விமானப் பாதை நெடுக நட்ட டவர்களில் அதுவும் ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எழிலரசிக்கு.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணமான பிறகும் ஓசூர் கம்பெனிக்குப் பஸ்ஸில் போய்வந்து அலுத்துப்போயிருந்த நேரத்தில் இந்த வேலை கிடைத்தது. வீட்டுக்குப் பக்கம் என்று சந்தோஷமாகத்தான் சேர்ந்தாள். ஒரே தொல்லை டீசல். கரட்டுக்குக் கரண்ட் வரும், போகும். சோலாரில் ஏறிய பேட்டரியும் சீக்கிரமே இறங்கிவிடும். அப்புறம் ஜெனரேட்டர்தான். வண்டி பாதி தூரம் வரைதான் ஏறும். மிச்சத்துக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அவள் கணவன் சிவக்குமார் குட்டியானை வண்டியில் தக்காளி லோடு அடிப்பவன். லோடு இல்லாத நாளில் அவனும் வந்து ஒரு கை பிடிப்பான்.

இத்தனை டீசலும் யாருக்காக என்று நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும். கம்பெனியின் கருவி பொருத்திய விமானங்கள் சிலதான். அவையும் இந்தப் பக்கம் கடப்பது கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் டவர் வெறும் வானத்துக்குச் சிக்னல் இறைத்துக்கொண்டிருந்தது.

கம்பெனிக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். ஒருநாள் பெங்களூரிலிருந்து இன்ஜினியர் கதிரவன் கூப்பிட்டார். விமானம் இல்லாத நேரத்தில் டவரைத் தூங்க வைக்கப் போகிறோம், விமானங்களின் கால அட்டவணைப்படி அதுவே விழித்துக்கொள்ளும் என்றார். எழிலரசிக்குத் தன் வேலை நினைவுக்கு வந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"டவரு தூங்கிட்டா எனக்கு வேலை இருக்குமுங்களா சார்?"

"இருக்கும் மேடம். இது சரியா எழுந்திரிக்குதான்னு பக்கத்துல இருந்து பார்க்க ஆள் வேணுமே" என்றார் அவர்.

அது சொன்னபடியே தூங்கியது, விழித்தது. ஜெனரேட்டர் சத்தம் குறைந்ததும் கரட்டில் மயில் அகவுவதுகூட அவள் காதில் விழுந்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பெங்களூரில் நல்ல மழை. இறங்க முடியாத விமானங்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. கரட்டின் மேல் நின்றிருந்த எழிலரசிக்கு மேகத்துக்குள் இரைச்சல் கேட்டது. போனில் விமானங்களைக் காட்டும் ஆப்பைத் திறந்தாள். கருவி பொருத்திய விமானம் ஒன்று வழிமாறித் தலைக்கு மேலேயே வந்திருந்தது. டவரோ நல்ல தூக்கத்தில் இருந்தது. ஓடிப்போய்க் கையாலேயே அதை எழுப்பிவிட்டு, கதிரவனுக்குப் போன் போட்டாள்.

விமானத்தில் சற்று நேரம் நெட் அறுந்துபோனது உண்மைதான் என்றார் அவர். இப்படி ஆகும் என்ற பயம் தமக்கு முதலிலேயே இருந்ததாகவும், அட்டவணையை மட்டும் நம்பக் கூடாது, விமானம் எந்த டவரை விட்டுக் கிளம்புகிறதோ அந்த டவரே அடுத்த டவரை எழுப்பட்டும் என்றும் சொன்னார். அவர் அங்கே புரோகிராமை மாற்ற மாற்ற, இவள் இங்கே நின்று பார்த்துச் சொன்னாள். மழைக்காலம் முடிவதற்குள் அந்த ஏற்பாடு சரியாகப் படிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பேட்டரியே பெரும்பாலும் தாங்கியது. டீசல் தூக்கும் வேலை எப்போதாவதுதான். மிச்சமான நேரத்துக்குக் கடத்தூர்ப் பக்கத்து டவரையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கடைசிச் சோதனைக்குக் கம்பெனி அவளையும் விமானத்தில் ஏற்றியது. கிளம்பும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தவள், மேலே போனதும் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பஞ்சப்பள்ளி அணைத் தண்ணீர் ஒரு துண்டுக் கண்ணாடிபோலத் தெரிந்ததும், விமானத்து நெட்டிலேயே சிவக்குமாருக்குப் போன் போட்டாள். அவன் பாலக்கோடு மண்டியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கிருந்து பேசற புள்ள?"

"நம்மூருக்கு மேலதாங்க. டவரு எந்திரிச்சிருச்சு."

அவன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். வெயிலில் கண் கூசியதே தவிர ஒன்றும் தெரியவில்லை. தெரியாவிட்டால் போகிறது, பேச்சு கேட்கிறதே என்றாள் அவள். விமானம் அடுத்த டவருக்குக் கைமாறியது. பேச்சு அறுபடவில்லை. தக்காளி இன்றைக்கு நல்ல விலைக்குப் போனதையும், மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ சிறிதாகிவிட்டதையும் அவன் சொல்லிக்கொண்டிருக்க, அவள் மேகங்களைப் பார்த்தபடி உம் கொட்டிக்கொண்டே போனாள்.