நானே வாசித்துக் காட்டிய வாக்குமூலம்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருந்த மாரிகாலம் அது. ஊர் கல்முனைக்குப் பக்கம். திருகோணமலையில் சீமெந்து ஏற்றிக்கொண்டு கரையோரமாக வந்த சிறிய மரத்தோணி ஒன்று, புயற்காற்றில் பலகை பலகையாகப் பிரிந்து மூழ்கியது. அதில் இருந்தவர்கள் மூன்று பேர். என் வாப்பாவையும் இன்னொருவரையும் பெரியநீலாவணை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். தோணியை ஓட்டிய தண்டையல் மையித்தாகக்கூட, வெறும் உடலாகக்கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். தெருவில் யாருக்கு விண்ணப்பம், முறைப்பாடு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்கு நல்ல பெருமை, மறைக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் தோணி முதலாளி வந்தார். விசாரணைக்கு, தப்பியவரின் வாக்குமூலம் வேண்டுமாம். வாப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். உயிர் தப்பிய மற்றவர், முதலாளிக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றார். முதலாளி சொல்லச் சொல்ல எழுதினேன்: காற்று எச்சரிக்கையையும் முதலாளியின் தடையையும் மீறித் தண்டையல் தோணியைக் கடலில் செலுத்தினார் என்று. 'பிடிவாதமாக' என்ற சொல் அவர் சொன்னதில் இல்லை. வசனம் அழகாக இருக்கட்டும் என்று நான் சேர்த்தது. மற்றவர் பெருவிரலை மையில் தொட்டுக் கீழே கைநாட்டு வைத்தார். அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"லோயரும் தோத்துப் போவான் மகள்" என்றார் முதலாளி. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

வாப்பா வீட்டுக்கு வந்ததும், பாராட்டுவார் என்று பிரதியை வாசித்துக் காட்டினேன்.

"ஆரு புள்ள இதச் சொன்ன? காத்து அடங்கட்டும் எண்டு நங்கூரத்தத் தூக்காம இருந்தவரு அவரு. போனுல ஏசி ஏசி வெளிக்கிட வெச்சது முதலாளி."

"குடுத்துட்டனே வாப்பா."

"எனக்கு எழுதத் தெரியாதது நல்லதுதான் போல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை தண்டையலின் மனைவி ஆளனுப்பினார். கணவன் இறந்து இத்தா இருந்ததால் அவர் வெளியே வர முடியாது; நான் அவர் வீட்டுக்குப் போனேன். முதலாளி வீட்டிலிருந்து வந்த தாளொன்றை என்னிடம் நீட்டினார். என் கையால் எழுதிய அதே வாக்குமூலம்.

"எனக்கு எழுத்துத் தெரியா மகள். அவரப் பத்தி என்ன எழுதிரிக்காங்க?"

முதல் வரியில் அவர் கணவரின் பெயர். இரண்டாவது வரியில் 'பிடிவாதமாக'. தாளைப் பார்த்துக்கொண்டே தாளில் இல்லாததை, வாப்பா சொன்னதை வாசித்தேன்: தண்டையல் போக மறுத்தார், வற்புறுத்தியதால் போனார், மற்ற இருவரையும் பலகையைப் பிடிக்கவைத்துவிட்டுத்தான் தண்ணீரில் போனார்.

"இன்னொருக்கா வாசி கிளி."

வாசித்தேன். அழுதுகொண்டே இரண்டு கைகளையும் ஏந்தினார். "இத எழுதின புள்ளைக்கு அல்லாஹ் நல்ல வாழ்வக் குடுக்கணும். என்ன பாத்துட்டு இரிக்காய், ஆமீன் சொல்லு."

சொன்னேன்.

பிறகு வாப்பாவின் கைநாட்டோடு உண்மையை எழுதி விசாரணை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். "விசாரணை முடிஞ்சிட்டு தங்கச்சி. இப்ப வந்து என்னத்த மாத்துற?" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் மாற்றி வாசித்த அந்தப் பழைய தாளைத் தண்டையலின் மனைவி அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார். அன்று கைக்குழந்தையாக இருந்த அவருடைய மகள், இன்று நான் படிப்பிக்கும் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். அதை அவள் எடுத்து வாசிக்கும் நாளில் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பயந்து அவளுக்கு எழுத்தைத் தாமதமாகச் சொல்லிக்கொடுக்கவும் என்னால் முடியாது.