பதினாறு புள்ளி ஒன்று

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரையின் குதிரை நின்ற கொட்டடியில் இப்போது லெட்சுமியக்கா மகளோடு குடியிருக்கிறார். உள்சுவரில், வீடுகளை அளக்க வந்திருக்கும் என் மூக்கு உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்காக ஒரு நீளக் கோடு.

"எத்தன தடவ சுண்ணாம்பு அடிச்சாலும் திரும்ப வந்துருதுங்க சேர். குதிர ஒரசுற கோடுன்னு சொல்றாங்க. எம் மக இந்தப் பக்கம் படுக்கவே மாட்டேங்கிறா. கொஞ்சம் அளந்து பாருங்களேன்."

கதவு நிலையில் அந்தக் குதிரையின் தோளுயரத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: 16.1 கை. ஒரு கை என்பது நான்கு அங்குலம், அதாவது 10.16 சென்டிமீட்டர். போனில் பெருக்குகிறேன். 163.6 வருகிறது. தரையிலிருந்து கோட்டுக்கு டேப் பிடித்தால் 165.1.

"ஒன்றரை சென்டிமீட்டர் இடிக்குதுக்கா. குதிரை இல்ல, வெறும் ஈரந்தான்."

அக்கா சிரித்துவிட்டு, மகளின் பாயை அந்தச் சுவரோரமாகவே விரிக்கிறார்.

பஸ் ஹட்டனைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைக்கிறது. குதிரை அளவில் புள்ளிக்குப் பின்னால் வருவது பத்தில் ஒரு பங்கு அல்ல, ஓர் அங்குலம். பதினாறு கையும் ஓர் அங்குலமும் சேர்ந்தால் அறுபத்தைந்து அங்குலம். திரும்பப் பெருக்குகிறேன்.

165.1.

வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. அக்காவின் போன் நம்பரை நான் வாங்கவில்லை.